தோற்றுக் காட்டுங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். கழுத்து வலி மட்டும் காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? அண்ணன் ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? போன் செய்தால் அவரே எடுத்து, "யாரு, உருட்டுக்காரியா?" என்பார். அதனால் உங்கள் கல்லூரி முகவரிக்கு எழுதுகிறேன்.

என் ஆட்ட ஹாலில் ஒரு சண்டை. புள்ளியியல் பேராசிரியை என்று வீட்டில் ஒருத்தர் இருக்கும்போது வெளியே யாரிடம் பஞ்சாயத்துக்குப் போவது?

நீங்கள் இங்கே வந்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது. அப்பா விட்டுப்போன வீட்டின் கீழ்த்தளம் அப்படியேதான் இருக்கிறது. ஆறு மேசை, டீ போடும் அடுப்பு ஒன்று. உட்காரும் நேரத்துக்குக் கட்டணம். பந்தயம் கட்டி ஆட வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுவேன். இப்போது எல்லோரும் பைத்தியமாக ஆடுவது 'முற்றுகை'. பலகையின் இரண்டு முனையிலும் இரண்டு வாசல். நம் காய் எதிராளியின் வாசலுக்குள் நுழைந்துவிட்டால் ஜெயித்தோம். இரண்டு பகடை. விழுகிற இரண்டு எண்ணில் ஒன்றைக் காய் நகர்த்தவும், மற்றதைக் காவல் போடவும் செலவழிக்க வேண்டும். காவல் என்றால் எதிராளியின் வழியை அடைப்பது. எந்த எண்ணை எதற்கு என்பது நம் இஷ்டம். நகர்த்த வழியிருந்தால் நகர்த்தியே ஆக வேண்டும்.

எங்கள் ஹாலில் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. நமக்கான பகடையை எதிராளிதான் உருட்டுவார். கைராசி, கைவாகு என்று யாரும் கதைவிட முடியாது.

போன வாரம், ஹாலிலேயே நன்றாக ஆடும் ரயில்காரர் (ஓய்வுபெற்ற ஓட்டுநர், குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை) பத்து நாள் முன்பு சேர்ந்த வங்கிப் பெண்ணிடம் தோற்றுவிட்டார். "குருட்டு அதிர்ஷ்டம்! இதுக்கு நான் வீட்ல உக்காந்து சீட்டுக் குலுக்கிப் போடுவேன்!" என்று கத்திவிட்டுப் போனவர், இன்றுவரை வரவில்லை. அந்தப் பெண்ணோ, "அப்போ இத்தனை வருஷம் நீங்க ஜெயிச்சது மட்டும் மூளையா சார்?" என்று கேட்டுவிட்டாள். ஹால் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

நீங்கள் சொல்லுங்கள். இது அதிர்ஷ்டமா, திறமையா?

பதிலை எதிர்பார்த்து,
சின்னவள்


பிப்ரவரி 11

அன்புள்ள சின்னவளுக்கு,

முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் புகார் சொல்கிறது. உன் அண்ணன் மாத்திரை போடுகிறார். போட்டுவிட்டு ஊறுகாயும் தின்கிறார். உன் கழுத்துக்குத் தலையணையை மாற்றிப் பார்.

'அதிர்ஷ்டமா, திறமையா' என்பது தவறான கேள்வி. நீ நிறமா, உயரமா என்று கேட்பது போல. இரண்டும் இருக்கிறது. எத்தனை ஆட்டத்தைப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி.

நீ எழுதிய விதிகளை வைத்து ஒரு மாலை முழுக்கக் கணக்குப் போட்டேன். நன்றாக ஆடுபவர் சுமாராக ஆடுபவரிடம் மூன்றில் ஒரு ஆட்டமாவது தோற்பார். தோற்கத்தான் வேண்டும், இல்லையென்றால்தான் நான் சந்தேகப்படுவேன். சுருக்கமாகச் சொன்னால், ஒரே ஆட்டத்தில் பகடைதான் பேசும். நூறு ஆட்டத்தில் ஆள் பேசுவார்.

ரயில்காரரிடம் சொல், அவர் தோற்றது பகடையால் இருக்கலாம். கத்தியது அவருடைய சொந்தத் திறமை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலம்தானே. உங்கள் கடிதத்தை ஹாலில் சத்தமாகப் படித்தேன். ரயில்காரர் திரும்பி வந்துவிட்டார். அந்தப் பெண்ணோடு தினமும் ஆடுகிறார். "இன்னும் எண்பத்தி மூணு ஆட்டம் இருக்கு பாப்பா, ஓடிடாத" என்கிறார்.

அந்தச் சந்தோஷம் மூன்று வாரம் நீடித்தது. நேற்று உரிம அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. என் ஹால் சூதாட்ட விடுதி என்று யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். பெயர் போடாத புகார். நான் விளக்கம் தர வேண்டும். திருப்தியில்லை என்றால் பூட்டிவிடுவார்கள்.

பூட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. வீட்டை விற்பதற்கான தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணன் இரண்டு வருஷமாகக் கேட்கிறார். பாதி வீடு என்னுடையது, மாட்டேன் என்று நானும் இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். ஹால் போய்விட்டால் மாட்டேன் என்று சொல்ல எனக்கு நிற்க இடமில்லை.

புகாரின் நகலைக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: "ஒரே ஆட்டத்தில் பகடைதான் பேசும் என்று துறை வல்லுநர்களே ஒப்புக்கொள்கிறார்கள்."

நான் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். நீங்களும் ஒரு முறை படியுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்பது வழக்கம், அதனால் கேட்கிறேன்.

நான் எழுதி ஒரு மாதம் ஆகப்போகிறது. கடிதம் தொலைந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, கேட்ட கேள்விக்கு அன்றே பதில் சொல்லும் அண்ணியின் கடிதம் மட்டும் எப்படித் தொலையும் என்றும் நினைத்தேன்.

ஹாலில் உங்கள் கடிதத்தைக் கேட்டவர்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு பேரில் ஒருவர் என்றால்கூட எனக்கு நிம்மதிதான்.

சின்னவள்


ஏப்ரல் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

நாங்கள் இருவரும் உடம்பால் நலம்.

உன் மார்ச் கடிதம் நீ எழுதிய வாரமே கிடைத்தது. விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது என்று எழுதலாம். இருந்ததும் உண்மைதான். காரணம் அதுவல்ல.

அந்த வாக்கியம் என்னுடையது. அதை நான் உனக்கு எழுதினேன். அதே வாரம் சாப்பாட்டு மேசையில், "பகடை ஆட்டத்துல மூளைக்கு என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டபோது அவரிடமும் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. உன் பன்னிரண்டு பேரை விட்டுவிடு. அவர்கள் கேட்டது முழு வாக்கியத்தை. புகாரில் இருப்பது பாதி. என்னை முடிக்க விடாமல் எழுந்து கை கழுவப் போகிறவர் ஒருவர்தான்.

நீ என்னைச் சந்தேகித்தாய். குறையாகச் சொல்லவில்லை. உன் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நிச்சயமாகத் தெரியாமல் எழுதக் கூடாது என்று காத்திருந்தேன். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள விருப்பமில்லாமலும் காத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன். அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

"ஊர்ல ஆயிரம் பேரு புகார் எழுதுவான். என்னைக் கேட்டா?"

"சரி. 'வல்லுநர்களே'ன்னு பன்மை போட்டிருக்கே. என்னைத் தவிர இன்னொருத்தர் யாரு?"

"அது மரியாதைக்குப் போட்டது" என்றார்.

சொன்ன பிறகு பேப்பரை மெதுவாக மடித்தார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களிடம் மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகிறேன். நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்வோம்.

மரியாதைக்காம்! கூடப் பிறந்தவள் வயிற்றில் அடிக்கும்போதும் இலக்கணம் தவறாத மனுஷன். கடிதம் கிடைத்ததும் நேராக உங்கள் வீட்டுக்கு வந்து, தெருவே கேட்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் கிளம்பினேன். ஹாலுக்கு ஆட வரும் தையல்காரம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ போய்க் கத்தினா, பாருங்க சூதாட்ட விடுதிக்காரி எப்படி இருக்கான்னு அவருக்கு இன்னொரு பக்கம் எழுதக் கிடைக்கும். உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். ஆனால் கொதிப்பு அடங்கவில்லை.

மே 14 விசாரணை. அதிகாரி முன்னால் நான் நேரில் விளக்க வேண்டும். ஹாலில் எல்லோரும் கூடிப் பேசினோம். அங்கே ஆட வரும் பல் டாக்டர் விவரமானவர். "அதிர்ஷ்டம்ங்கிற வார்த்தையே உங்க வாயில வரக்கூடாதும்மா. முழுக்க முழுக்கத் திறமைன்னு அடிச்சுச் சொல்லுங்க. ஒரு புரொபசர் சர்டிபிகேட் இருந்தா கேஸ் முடிஞ்சுது" என்கிறார்.

அண்ணி, அந்தச் சான்றை நீங்கள் தர வேண்டும். முற்றுகை முழுக்கத் திறமை ஆட்டம், அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை என்று நாலு வரி. கல்லூரித் தாளில், கையெழுத்தோடு. அந்தப் புகாரில் இருக்கும் உங்கள் வாக்கியத்தை நீங்களே அடித்துவிட்டால் அவர்களிடம் வேறு என்ன இருக்கிறது?

இதை மட்டும் செய்யுங்கள். வேறெதுவும் கேட்க மாட்டேன்.

சின்னவள்


ஏப்ரல் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

கழுத்து எப்படி இருக்கிறது? கொதிப்பு கழுத்துக்கு நல்லதல்ல.

அந்த நாலு வரியை நான் எழுத மாட்டேன்.

கோபப்படாமல் மேலே படி. இரண்டு பகடை உருளுகிற பலகையைக் காட்டி, இதில் அதிர்ஷ்டமே இல்லை என்று சொன்னால் அதிகாரி சிரிப்பார். சிரித்தால் நியாயம். அவர்கள் கையில் இருப்பது பாதி உண்மை. நீ முழுப் பொய்யைக் கொண்டுபோனால் பாதி உண்மைதான் ஜெயிக்கும். பகடையை ஒளித்துவைத்துவிட்டு வாதாடாதே. மேசை மேல் போட்டுவிட்டு வாதாடு.

உன் பல் டாக்டரிடம் ஒன்று கேள். அவரிடம் வரும் எல்லாப் பல்லும் சொல்பேச்சுக் கேட்கிற பல்லா? கெட்ட பல்லும் வரும், நல்ல பல்லும் வரும். அதற்காக அவருக்கு வேலை தெரியாது என்று யாராவது சொல்கிறார்களா?

அதிகாரியைக் கேட்க வேண்டியது இதைத்தான். சீட்டுக் குலுக்கலில் ஒருவரை வேண்டுமென்றே தோற்கச் சொல்லுங்கள். முடியாது. தோற்க நினைத்தாலும் ஜெயிக்க நினைத்தாலும் அங்கே ஒன்றுதான். எந்த ஆட்டத்தில் ஒருவர் நினைத்துத் தோற்க முடிகிறதோ, அந்த ஆட்டத்தில் நினைப்புக்கு வேலை இருக்கிறது. ஆகவே நீ அவர் கண் முன்னால் பலகையைப் போடு. 'நான் இப்போது தோற்கப்போகிறேன்' என்று சொல். தோற்றுக் காட்டு. ஒரே ஆட்டத்துக்கு ஒத்துக்கொள்ளாதே. ஒரு ஆட்டத்தில் பகடை உன்னை வலுக்கட்டாயமாக ஜெயிக்க வைத்துவிடும். ஒரு பிற்பகல் முழுக்கக் கேள்.

அன்று எனக்குத் தேர்வு மேற்பார்வை, வர முடியாது. இத்தோடு என் வாக்குமூலத்தை வைத்திருக்கிறேன். கல்லூரித் தாள் அல்ல, வீட்டுத் தாள். வேலையிடத்தின் மரியாதையைக் கடன் வாங்க எனக்கு விருப்பமில்லை. முதல் வரி இப்படித் தொடங்குகிறது: "பெயரில்லாத புகாரை எழுதியவரின் மனைவி நான். அதில் உள்ள ஒரு வாக்கியம் என்னுடையது. விடுபட்ட அதன் மறுபாதியை இத்துடன் இணைக்கிறேன்."

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

கழுத்து பரவாயில்லை. உங்கள் வாக்குமூலத்தைப் படித்தேன். முதல் வரியை எழுதிவிட்டு அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள்? அண்ணனுக்குத் தெரியுமா?

இன்னொன்று. நான் தோற்க மாட்டேன்.

உங்கள் யோசனை புரியாமல் சொல்லவில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அண்ணன் தோற்றால் பலகையைக் கவிழ்ப்பார். அடுக்களையிலிருந்து அம்மா, "விட்டுக்குடுடி, ஆம்பளப் பிள்ள அழுதுட்டு நிக்குது பாரு" என்பாள். விட்டுக்கொடுப்பேன். அவருக்குத் தெரியாமல் தோற்பதற்கு நான் எவ்வளவு யோசிக்க வேண்டியிருந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் தான் பெரிய ஆட்டக்காரர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். "என்னை ஒரு தடவ ஜெயிச்சிருக்கியா நீ?" என்று என் கல்யாணப் பேச்சு நடந்தபோதுகூடக் கேட்டார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஹாலைத் திறந்த அன்று ஒரு முடிவு எடுத்தேன். பகடை தோற்கடித்தால் சரி. நானாக இனி ஒரு ஆட்டமும் தோற்பதில்லை. யார் அழுதாலும் சரி. அதிகாரிக்காகவும் தோற்க மாட்டேன்.

ஜெயித்துக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை ஆட்டம் வேண்டுமானாலும் ஜெயிக்கிறேன்.

சின்னவள்


மே 4

சின்னவளுக்கு,

நலம். உன் நலம் உன் கடிதத்தின் சூட்டிலேயே தெரிகிறது.

நீ பத்து ஆட்டம் ஜெயித்தாலும் அவர்கள் 'அதிர்ஷ்டம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஜெயித்தவளைப் பார்த்து அதைச் சொல்வது சுலபம். சொல்லிவிட்டுத் தோற்பவளைப் பார்த்து எப்படிச் சொல்வார்கள்?

அன்றைக்கு உன்னை ரகசியமாகத் தோற்கச் சொன்னார்கள். ஜெயித்தவருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் அதில் நிபந்தனை. இப்போது நான் சொல்வது முகத்துக்கு நேராக. 'உங்களை ஜெயிக்க வைக்கப்போகிறேன், முடிந்தால் தடுத்துக்கொள்ளுங்கள்' என்று சபையில் சொல்லிவிட்டு ஆடுவதற்குப் பெயர் விட்டுக்கொடுப்பதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. முடிவு உன்னுடையது. இதற்கு மேல் வற்புறுத்த மாட்டேன்.

அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டாய். வாக்குமூலத்தின் நகலை அவர் மூக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். மாலையில் வந்தபோது நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"வீட்டு விஷயத்த வெளிய கொண்டு போறியா?"

"கொண்டு போனது நீங்க. மிச்சத்த நான் அனுப்பறேன்."

"நாளைக்கு நாலு பேரு என்னைப் பாத்து என்ன கேப்பான்?"

"பேரு போட்டு எழுதியிருக்கலாமேன்னு கேப்பான்."

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. உப்பு எங்கே என்பதுகூடக் கேட்காமல் தானே தேடி எடுத்துக்கொள்கிறார். இத்தனை வருஷத்தில் அவருக்கு உப்பு இருக்கும் இடம் இப்போதுதான் தெரிந்தது.

விசாரணைக்கு அவரும் வருகிறார்.

அண்ணி


மே 17

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் முழங்கால், என் கழுத்து எல்லாம் இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

நீளமான அறை. இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் கோப்பு. அதிகாரி ஒல்லியானவர், ஓய்வுபெறும் வயது. ஜலதோஷம். உங்கள் வாக்குமூலத்தை முழுவதும் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலே அண்ணனைப் பார்த்தார். "நீங்கதானா?" என்றார். அண்ணன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"ஆமாங்க. பொதுநலத்துக்காக."

"பொதுநலத்துக்கு எதுக்குய்யா பேரு மறைக்கணும்?" என்று கேட்டுவிட்டுத் தும்மினார்.

அதிர்ஷ்டம் உண்டு என்று நானே முதலில் சொன்னேன், அண்ணி. பின்னால் உட்கார்ந்திருந்த பல் டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. பிறகு சொன்னேன்: "நான் இப்போ தோத்துக் காட்டறேன் சார். ஒரு ஆட்டத்துல இல்ல, சாயங்காலம் வரைக்கும் ஆடறேன். எதிர யாரு வேணா உக்காரலாம்." இதைச் சொல்வதற்கு முதல் நாள் ராத்திரி வரை எனக்கு மனசில்லை. அங்கே போய், அண்ணன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மனசு வந்துவிட்டது.

அலுவலக எழுத்தருக்கு ஆட்டம் தெரியாது. அண்ணன் உடனே, "எனக்குத் தெரியும். அவளுக்கு என்கிட்ட எப்பவும் தோத்துத்தான் பழக்கம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தன் வாயாலேயே சொன்னார்! அதிகாரி பகடைச் சத்தம் கேட்க வேண்டும் என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.

எங்கள் வழக்கப்படி என் பகடையை அவர் உருட்டினார், அவர் பகடையை நான். முதல் ஆட்டம் நீங்கள் பயந்த மாதிரியே ஆனது. எவ்வளவு முரண்டு பிடித்தும் அவர் கையிலிருந்து எனக்கு ஆறும் ஐந்துமாகவே விழுந்தது. என் காய் வேண்டாம் வேண்டாம் என்று கதறிக்கொண்டே அவர் வாசலுக்குள் போய் விழுந்தது. அண்ணன் மேசையைத் தட்டினார். "பாத்தீங்களா சார்? தோக்கக்கூட முடியல. அதிர்ஷ்டம்னா இதுதான்!" அதிகாரி ஏதோ எழுதினார்.

அடுத்தது தோற்றேன். அதற்கடுத்ததும் தோற்றேன். தடுமாறித் தோற்கவில்லை, அண்ணி. ஒவ்வொரு முறையும் என்ன செய்கிறேன் என்று முன்கூட்டியே அதிகாரியிடம் சொல்லிவிட்டுச் செய்தேன். "இப்போ இந்தக் காவல எடுத்து அங்க வைக்கிறேன் சார். அண்ணனுக்கு வழி கிடைக்கும்." அதிகாரி தும்முவதை மறந்துவிட்டார்.

நான்காவது ஆட்டத்தில்தான் அண்ணனுக்கு உறைத்தது. தான் ஜெயிக்க ஜெயிக்கத் தன் புகார் தோற்கிறது என்று. அப்புறம் அவரும் தோற்கப் பார்த்தார்! கிடைத்த வழியில் போகாமல் சுற்றினார். எனக்குப் போட வேண்டிய காவலைத் தன் வழியிலேயே போட்டுக்கொண்டார். அண்ணனும் தங்கையும் எதிரெதிரே உட்கார்ந்து, யார் முதலில் தோற்பது என்று மல்லுக்கட்டினோம். பின்னால் ரயில்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

ஓரிடத்தில் அண்ணன் நின்றுவிட்டார். மூன்றும் ஒன்றும் விழுந்திருந்தது. காயைத் தொடுகிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். நெற்றியில் வேர்வை. விரலால் கட்டங்களை எண்ணுகிறார். எழுத்தர் கொண்டுவந்த டீ ஆறிப்போயிற்று.

அதிகாரி கேட்டார்: "என்ன சார் இவ்ளோ நேரமா யோசிக்கிறீங்க?"

"சரியா ஆட வேணாமா சார்?" என்றார் அண்ணன். சிடுசிடுப்பாகத்தான் சொன்னார். சொன்ன வாய் அப்படியே நின்றது.

பிறகு காயை எங்கேயோ நகர்த்தி வைத்தார். அதிகாரி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். நான் கடைசிக் காவலைப் போட்டேன். எல்லா வழியையும் அடைத்துவிட்டு, என் வாசலுக்குப் போகும் வழியை மட்டும் திறந்துவைத்தேன். நகர்த்தியே ஆக வேண்டும். நகர்த்த வேறு காய் இல்லை. அண்ணன் தன் காயைப் பிணத்தைத் தூக்குவது போலத் தூக்கி உள்ளே வைத்தார்.

"வாழ்த்துக்கள்ண்ணா. ஜெயிச்சுட்டீங்க" என்றேன்.

உத்தரவு ஒரு மாதத்துக்குள் வரும் என்றார்கள். அதுவரை ஹாலைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள்.

சின்னவள்


ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

நலம், நலம், நலம்! உத்தரவு வந்துவிட்டது. "மேற்படி ஆட்டத்தில் அதிர்ஷ்டம் கலந்திருப்பினும், ஆடுபவரின் முடிவுகளே அதன் போக்கைத் தீர்மானிப்பதாக நேரில் கண்டறியப்பட்டது, பந்தயம் இல்லாதவரை தடையில்லை." தையல்காரம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொல்கிறார்.

ஆனால் திறக்கப் பயமாக இருக்கிறது. அண்ணன் ஒரு வக்கீலோடு நேற்று இங்கே வந்தார். என்னிடம் பேசவில்லை. தெருவில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம், "மேல்முறையீடு பண்றேன், இது நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். முடிவு தெரியும்வரை பொறுத்திருக்கலாமா என்று யோசிக்கிறேன்.

உங்களை நினைத்துத்தான் அதிகக் கவலை. பேச்சில்லாத வீட்டில் எத்தனை நாள் இருப்பீர்கள்? மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. விடுமுறை விட்டதும் வந்துவிடுங்கள். படிக்குக் கைப்பிடி போடச் சொல்லியிருக்கிறேன்.

சின்னவள்


ஜூன் 19

அன்புள்ள சின்னவளுக்கு,

உத்தரவின் வாசகத்தில் எனக்குச் சிறு திருத்தங்கள் உண்டு. இருந்தாலும் மோசமில்லை.

மாடி அறைக்கு நன்றி. வர மாட்டேன். இந்த வீட்டில் நான் தப்பு எதுவும் செய்யவில்லை. பெட்டி கட்டுவதென்றால் அதை நான் கட்ட வேண்டியதில்லை. உன்னைப் பார்க்க வருவேன், பார்த்துவிட்டுத் திரும்புவேன். பேச்சில்லாததைப் பற்றிக் கவலைப்படாதே. படிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

தவிர, பேச்சு நேற்று வந்துவிட்டது. உன் அண்ணன் தட்டச்சு செய்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பேனாவையும் திறந்து வைத்தார். வக்கீல் எழுதிக் கொடுத்தது. என் வாக்குமூலத்தை ஆட்டம் தெரியாமல், உறவுக்காரியின் தூண்டுதலால், மன உளைச்சலில் கொடுத்துவிட்டேன், திரும்பப் பெறுகிறேன் என்று இருந்தது.

"இது இல்லாம மேல போக முடியாதாம். ஒரே ஒரு கையெழுத்து. அவளும் போட மாட்டேங்கிறா. நீயாவது போடு" என்றார். குரல் இறங்கித்தான் இருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பாவமாக இருப்பதற்காகக் கையெழுத்துப் போடும் வழக்கம் எனக்கு இல்லை.

முழுவதும் படித்தேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன். பிறகு தாளை நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

"உங்க வக்கீலுக்குக் கற்பனை நல்லா வருது. மன உளைச்சல் யாருக்குன்னு மட்டும் மாத்தி எழுதச் சொல்லுங்க. அப்புறம் நீங்களே கையெழுத்துப் போடலாம்."

அவர் வெளியே கிளம்பினார். வாசலில் வெகுநேரம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் காலில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

மேல்முறையீட்டுக்குக் காத்திருக்காதே. யாருக்குப் பயந்து பூட்டி வைத்திருக்கிறாய்? திங்கட்கிழமை காலையிலேயே ஹாலைத் திற. ஒரு மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போடு, தெருவில் போகிறவர்களுக்குப் பகடை தெரிகிற மாதிரி.

கழுத்தைப் பார்த்துக்கொள். நிமிர்த்தியே வை.

அண்ணி